ஒரு சொட்டும் விடாத தொட்டி

கோயம்புத்தூரில் ஒரு மாடி வீட்டுப் பால்கனியில் ஒரு மண்தொட்டி இருந்தது. உடம்பெல்லாம் நீலப் பெயின்ட், அதன்மேல் வெள்ளையில் ஒரு மயில். தன்னைப்போல ஒரு தொட்டி அந்தத் தெருவிலேயே கிடையாது என்பது அதன் எண்ணம். தெருவை அது பார்த்ததே இல்லை என்பது வேறு விஷயம்.

அதற்கு இன்னொரு பெருமையும் இருந்தது. ஒருநாள் கீழ்வீட்டு அம்மா அண்ணாந்து, "ஏனுங்க கோகிலாமணி, உங்க தொட்டித் தண்ணி எங்க கொடித்துணி மேல சொட்டுதுங்க!" என்று சத்தம் போட்டாள். வீட்டுக்காரி கோகிலாமணி ரோஷக்காரி. அன்றைக்கே தொட்டியின் அடியோட்டையைச் சிமென்ட் வைத்து அடைத்துவிட்டாள். அதிலிருந்து தொட்டி தன் பக்கத்தில் இருந்த பூவாளியிடம், "எங்கிட்ட வந்த தண்ணி ஒரு சொட்டு வெளிய போகாது, தெரியுமா?" என்று பீற்றிக்கொள்ளும். பூவாளிக்கு ஊற்றுவதோடு வேலை சரி. எதிர்த்துப் பேசும் பழக்கமில்லை.

தொட்டிக்கு டேலில்லி மேல் கொள்ளை ஆசை. காலையில் விரிந்து பொழுது சாய வாடிவிடும் பூ அது. மறுநாள் அதே தண்டில் இன்னொன்று விரியும். அக்கம்பக்கத்தில் எங்கும் கிடைக்கவில்லை. தபாலில் செடி அனுப்பும் நர்சரிகளுக்குத்தான் சொல்லிவிட வேண்டியிருந்தது. கதை என்பதால் நர்சரிகளின் ஆட்கள் நேரிலேயே புறப்பட்டு வந்தார்கள்.

முதல் நர்சரியின் ஆளாக வந்தது படம். வழவழவென்று மின்னியது.

"எங்க தோட்டத்துப் பூ இது. இந்தச் சிவப்பை நீங்க வேறெங்கயும் பார்க்க முடியாது. அடடா, என்ன மயில்! இந்த மயிலுக்குப் பக்கத்துல எங்க பூ நின்னா எப்படி இருக்கும்!"

தொட்டி அங்கேயே சொக்கிப்போனது. செடி பச்சைப்பசேலென்று வந்தது. கொஞ்ச நாள் நன்றாக இருந்தது, பிறகு மஞ்சளடித்தது, பிறகு போய்விட்டது.

"படத்தக் காட்டி ஏமாத்திப்போட்டான்" என்றது தொட்டி.

அடுத்து சலுகை ஓடிவந்தது. அதற்கு உட்காரக்கூட நேரமில்லை. "இன்னிக்கு மட்டுந்தான்! ஒண்ணு வாங்குனா ஒண்ணு சும்மா! யோசிச்சீங்கன்னா போச்சு!"

தொட்டி யோசிக்கவில்லை. இரண்டு செடிகள் வந்தன. இரண்டும் சேர்ந்தே போயின.

"நர்சரிக்காரனுக பூராவும் களவாணிக" என்று தொட்டி பால்கனி முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தது. கோகிலாமணியோ காய்ந்த துணியை மடித்தபடி, "இன்னொருக்கா பாக்கறேன். அதுவும் போச்சுன்னா இந்தத் தொட்டில பழைய செருப்பப் போட்டு வெச்சுருவேன்" என்றாள். அவள் சொன்னால் செய்கிறவள். 

மூன்றாவதாக வந்தது கேள்வி. வெறுங்கையோடு வந்திருந்தது. மயிலைப் பார்த்தும் ஒன்றும் சொல்லவில்லை.

"என்ன கொண்டு வந்திருக்கீங்க?" என்றது தொட்டி.

"ஒண்ணுமில்லீங்க. இங்க வெயில் எந்நேரம் வரைக்கும் விழுகுதுங்க?"

"மத்தியானம் வரைக்கும்."

"முன்ன வந்த செடியெல்லாம் எப்படிங்க போச்சு?"

தொட்டிக்குச் சுள்ளென்று வந்தது. "வாங்கறவன் நானு. நீங்க என்னையப் போட்டு எதுக்குக் கொடையறீங்க?"

"மாப்பிள்ளை ஊட்டுக் கெணத்த எட்டிப் பாக்காம யாருங்க பொண்ணு குடுப்பா? சொல்லுங்க. காஞ்சு போச்சுங்களா, அழுகிப் போச்சுங்களா?"

 பூவாளிதான் மெதுவாகச் சொன்னது: "அழுகித்தானுங்க. மூணுமே."

"அடியில ஓட்டை இருக்குதுங்களா?"

"எங்கிட்ட வந்த தண்ணி ஒரு சொட்டு..." என்று வழக்கமான மிடுக்கோடு ஆரம்பித்த தொட்டி பாதியில் நின்றுவிட்டது.

கேள்வி எழுந்துகொண்டது. "வேர்ல தண்ணி தேங்குனா அது மூச்சு முட்டிப் போயிருமுங்க. ஓட்டை போட்டுட்டுச் சொல்லிவிடுங்க, அப்பறம் அனுப்பறோம். அதுவும் மண்ணக் கழுவி, இலைய நறுக்கித்தான் வரும். பாத்தாச் செத்த மாதிரி இருக்கும். பயந்துக்காதீங்க."

கேள்வி படி இறங்கியதுதான் தாமதம், படமும் சலுகையும் கைகோத்துக்கொண்டு மேலேறி வந்தன. "எங்களுக்கு ஓட்டையெல்லாம் வேண்டாம். நீங்க இருக்கறபடியே இருங்க. நாளைக்கே செடி வந்துரும்!"

தொட்டி ஓரத்தில் கிடந்த சுத்தியலைப் பார்த்தது. "நீ தட்டுனா என்ன ஆகும்?"

"வயசான மண்ணு. ஓட்டையும் விழும், ஒடைஞ்சும் போகும். எது முன்னாடின்னு நான் வாக்குக் குடுக்க மாட்டேன்" என்றது சுத்தியல்.

தொட்டி யோசித்தது. இதற்கு முன்னால் அது எதையும் யோசித்ததில்லை. அந்த மூன்று செடிகளும் கடைசி நாட்களில் அதன் வயிற்றுக்குள் ஏதோ முனகிக்கொண்டிருந்தன. தாகம் போலிருக்கிறது என்று நினைத்து, "இன்னும் ஊத்து, இன்னும் ஊத்து" என்று பூவாளியை அதுதான் விரட்டியது. இப்போது நினைத்துப் பார்க்க வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட வருத்தம்தான் பெரிதாக இருந்தது.

"செருப்பு வெச்சாலும் வெக்கட்டும். தட்டச் சொல்லு" என்றது பூவாளியிடம்.

பூவாளி போய்ச் சொல்ல, கோகிலாமணி சுத்தியலை எடுத்து ஆணியை வைத்துத் தட்டினாள். சிமென்ட் பெயர்ந்தது. கூடவே ஒரு விரிசல் அடியிலிருந்து கிளம்பி, மயிலின் கழுத்தை அறுத்துக்கொண்டு விளிம்பு வரைக்கும் ஏறியது. கறுப்புத் தண்ணீர் குபுகுபுவென்று வெளியே கொட்டியது. நாற்றம் தாங்கவில்லை. கீழ்வீட்டு அம்மா போட்ட சத்தம் நான்கு வீடு தாண்டிக் கேட்டது. கோகிலாமணி நாக்கைக் கடித்துக்கொண்டு அடியில் ஒரு பழைய தட்டை வைத்தாள். தொட்டி பிளந்துபோகாமல் கம்பியால் இறுக்கிக் கட்டினாள்.

செடி வந்தது. கேள்வி சொன்னதுபோலவே, கொஞ்சம் வேரும் நறுக்கிய இலையுமாக, குப்பையில் பொறுக்கியதுபோல் இருந்தது. தொட்டி அதை மண்ணோடு சேர்த்து அணைத்துக்கொண்டது. பூவாளி ஊற்றிய தண்ணீர் வேண்டியதை நனைத்துவிட்டு மிச்சம் தட்டில் இறங்கியது. தண்ணீர் வெளியே போகும்போதெல்லாம் தொட்டிக்கு முதலில் பதறும். பிறகு பழகிவிட்டது.

ஒருநாள் காலையில் முதல் பூ விரிந்தது. படத்தில் இருந்த சிவப்பு அல்ல. சாதாரணக் காவி நிறம். தொட்டிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அந்தப் பக்கமாகப் போன படம், கம்பி கட்டியிருப்பதையும் விரிசலையும் பார்த்துச் சிரித்துவிட்டது. "இந்தக் கோலத்துலதான் செடி வாங்கணுமா? எங்ககிட்ட வாங்கியிருந்தா ஒரு கீறல்கூட விழாம வந்திருக்குமே!"

"வந்துச்சுங்க" என்றது தொட்டி. "பொழைக்கத்தான் இல்ல."