கை இறங்கும் வரை

"கை தட்டுனாங்க, மேடம். ஒருத்தர்கூட வீட்ட விட்டு இறங்கல."

சுகிர்தா இதைச் சொன்னபோது பேராசிரியர் அருள்மேரி ஜன்னல் வழியே மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சுகிர்தா புவி இயற்பியல் இளங்கலை மாணவி. மலைச்சரிவில் ஒரு தேயிலைக் குடியிருப்பு. அதன் மேல் வரிசை வீடுகளுக்கு அடியில் மண் இளகிக் கிடப்பதை அவளுடைய வகுப்பு அளந்து கண்டிருந்தது. அறிக்கை மேலே போய்விட்டது. வீடுகளைக் காலி செய்யும் உத்தரவு இன்னும் கீழே வரவில்லை. மழை அதற்குக் காத்திருக்காது.

ஊருக்கு எடுத்துச் சொல்லும் வேலை அவளுக்கு.

சொன்னாள். அலைவேகம், அடுக்குகள், பிழை வரம்பு, எதையும் விடவில்லை. திரையில் வண்ணப் படங்கள் ஓடிக்கொண்டே இருந்தன.

முடிந்ததும் ஒரு பெரியவர், அந்த நீலப் படம் காலண்டருக்கு எடுப்பாக இருக்கும் என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

நீலம்தான் இளகிய மண்.

"இன்னும் என்ன சொல்லியிருக்கணும், மேடம்?"

பேராசிரியர் மூலையில் கிடந்த சம்மட்டியை எடுத்து அவள் கையில் கொடுத்தார். வண்டியில் ஏறச் சொன்னார்.

சரிவில் மறுபடியும் ஜியோபோன்களை வரிசையாகக் குத்தினார்கள். மண்ணின் அதிர்வைக் கேட்கும் காதுகள் அவை. இரும்புத் தட்டில் சம்மட்டி விழுந்தால், அதிர்வு ஆழத்துக்குப் போய்த் திரும்பும். கணினியில் கோடாகத் தெரியும்.

இந்த வேலைக்கு ஒரு வழக்கம் உண்டு. அடிக்கும் முன் பேராசிரியர் கையை உயர்த்துவார். அந்தக் கை இறங்கும் வரை யாரும் அசையக் கூடாது. ஒரு காலடி போதும், மண்ணின் பதில் அழிந்துவிடும்.

அன்று அவர் கையை உயர்த்தவில்லை.

அடி என்றார். அடித்தாள். மறுபடி என்றார். நிறுத்தாதே என்றார். அவள் உள்ளங்கை கொப்பளிக்கும் வரை அடித்தாள்.

"மண் என்ன சொல்லுது?"

சுகிர்தா கணினியைப் பார்த்தாள். இடைவெளியில்லாமல் அடித்ததில் கோடுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிறுக்கலாகக் கிடந்தன.

"ஒண்ணும் தெரியல, மேடம்."

"பலமாத்தானே அடிச்ச."

மேற்கே இடி உருண்டது. கீழே பள்ளிக்கூடத்தில் ஆட்கள் கூடிக்கொண்டிருந்தார்கள். காலையிலேயே பேராசிரியர் சொல்லி அனுப்பியிருந்தார்.

சுகிர்தா மடிக்கணினியை எடுக்கப் போனாள். பேராசிரியர் அதை வண்டிக்குள் வைத்துப் பூட்டினார்.

பள்ளிக்கூடத்தில் அதே முகங்கள். அதே பெரியவர், முன்வரிசையில். இன்றைக்குப் படம் கிடையாதா பாப்பா என்று கேட்டார். சுகிர்தா வெறுங்கையோடு முன்னால் போய் நின்றாள்.

"மேல் வரிசைக்கு அடியில மண்ணு பிடிப்பு விட்டிருக்கு. இந்த மழைக்கு அது சரியலாம். சரிஞ்சா வீட்டோட சரியும். என்னைக்குன்னு எனக்குத் தெரியாது. மழை விடுற வரைக்கும் இங்க வந்து படுத்துக்குங்க."

யாரும் பேசவில்லை. தகரக் கூரையில் முதல் துளிகள் விழுந்தன.

அந்த அமைதி அவளுக்குத் தாங்கவில்லை. அலைவேகத்தைச் சொன்னால் நம்புவார்களோ. நீலத்தை விளக்கினால். வாய் திறந்தாள்.

கூட்டத்துக்குப் பின்னால், கதவருகே, பேராசிரியர் கையை உயர்த்தி நின்றிருந்தார்.

சுகிர்தா வாயை மூடிக்கொண்டாள்.

யாரோ இருமினார்கள். துளிகள் நெருங்கி விழுந்தன. கை இறங்கவில்லை.

நடுவிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். இடுப்பில் குழந்தை.

"எங்க வீடு மேல் வரிசையில கடைசி. அதுவுமா?"

"அதுவும்தான், அக்கா."

அந்தப் பெண் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றினாள். உட்காரவில்லை. வாசலைப் பார்த்தாள்.

பெரியவர் தலையிலிருந்த துண்டை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அப்ப என் ஆட்ட எங்க கட்டுறது, பாப்பா?"

கதவருகே கை இறங்கியது.