கரடியைப் பழக்கிய கிளிக்குஞ்சு

சடைச்சி என்று ஒரு கரடி இருந்தாள். அவள் ஒரு கிளிக்குஞ்சு வளர்த்தாள். அந்தக் கிளிக்குஞ்சு கடிக்கும்.

சும்மா கொத்துகிற கடி இல்லை. பிடித்தால் விடாத கடி. கரடிக்கு உடம்பெல்லாம் அடர்ந்த மயிர். எங்கே கடித்தாலும் உறைக்காது. மூக்கு ஒன்றுதான் மொட்டையாக இருக்கும். குஞ்சு சரியாக அந்த மூக்கைத்தான் கடிக்கும்.

குஞ்சு வந்த கதை இதுதான். சித்திரை மாதத்துச் சூறைக்காற்றில் ஒரு வாகை மரம் முறிந்து விழுந்தது. அதன் பொந்தில் ஒரு கிளிக்குஞ்சு தனியாகக் கத்திக்கொண்டிருந்தது. தாய்க்கிளி எங்கே பறந்து போனதோ, தெரியவில்லை. கறையான் தோண்ட வந்த சடைச்சி அதைப் பார்த்தாள். ஐயோ பாவம் என்று மேலே இருந்து கையை நீட்டி ஒரே அள்ளாக அள்ளி, முகத்துக்கு நேராக வைத்துப் பார்த்தாள். மேலேயிருந்து வருவதெல்லாம் பருந்துதான் என்று குஞ்சுக்கு எண்ணம். வெடுக்கென்று மூக்கைக் கடித்துவிட்டது.

"ஐயோ அம்மா!" என்று சடைச்சி அலறினாள். ஒற்றைக் காலில் குதித்தாள். இரண்டு சுற்றுச் சுற்றினாள். பிறகு பசியில்தான் கடிக்கிறது போல என்று நினைத்து, ஒரு அத்திப்பழத்தைப் பிதுக்கி ஊட்டினாள்.

குஞ்சு பழத்தைத் தின்றுவிட்டு இன்னொரு தரம் கடித்தது.

அளவில் சின்னது, ஆனால் காரம். அதனால் மிளகு என்று பேர் வைத்தாள்.

அந்தக் காட்டில் ஒரு பழக்கம் உண்டு. யார் எந்தக் குட்டியை எடுத்து வளர்த்தாலும், ஆடி முடிவதற்குள் அதைக் குளக்கரைக்குக் கொண்டுவந்து முதுகேற்ற வேண்டும். ஏழு பிராணிகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொரு முதுகிலும் குட்டி ஏறி இறங்க வேண்டும். யாரையும் கடிக்காமல் ஏழு முதுகையும் தாண்டிவிட்டால் குளத்தில் தண்ணீர் குடிக்கலாம், காட்டுப்பிள்ளை ஆகிவிடலாம். ஒரே ஒரு கடி விழுந்தாலும் போச்சு. வளர்த்தவளுக்கு வளர்க்கத் தெரியவில்லை என்று சொல்லி, குட்டியை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவார்கள்.

வேறு ஆள் என்றால், யார் முதலில் கேட்டு வைக்கிறார்களோ அவர்கள். முதலில் கேட்டு வைத்தது நயினான் என்ற மரநாய்.

நயினான் வாரம் இரண்டு தரம் சடைச்சியின் குகைக்கு வந்துவிடுவான். குஞ்சு ஒழுங்காகச் சாப்பிடுகிறதா, இராத்தூக்கம் எப்படி, தொடைப் பக்கம் கொஞ்சம் சதை பிடித்திருக்கிறதா என்றெல்லாம் அக்கறையாக விசாரிப்பான்.

"மிளகுன்னு மட்டும் ஏன்க்கா பேர் வச்சீங்க?" என்றான் ஒருநாள். "உப்பையும் சேர்த்து வச்சிருக்கலாமே."

அவன் சிரித்தான். சடைச்சி குஞ்சைத் தன் பின்பக்கம் நகர்த்திக்கொண்டாள். அன்றிலிருந்து எப்படியாவது இந்தக் கடியை நிறுத்திவிட வேண்டும் என்று அலைய ஆரம்பித்தாள்.

காட்டில் யோசனைக்குப் பஞ்சமா? கழுதைப்புலியிடம் கேட்டாள். கடித்தால் திருப்பிக் கடி, அப்போதுதான் வலி தெரியும் என்றது. சடைச்சியும் கடிக்கப் போனாள். கரடியின் வாய் எவ்வளவு பெரிது! குஞ்சு முழுதாக உள்ளே போய்விட்டது. பதறிப்போய் வெளியே துப்பினாள். குஞ்சு இறக்கையை உதறிக்கொண்டு, உள்ளே நல்ல கதகதப்பாக இருந்தது, மறுபடியும் போகலாமா என்று கேட்டது.

காகத்திடம் கேட்டாள். மூக்கில் வேப்பம்பழத்தைக் கொட்டையோடு நசுக்கித் தேய்த்துக்கொள், கசப்பில் ஓடிவிடும் என்றது. கிளிகளுக்கு வேப்பம்பழம் என்றால் உயிர் என்பது காகத்துக்குத் தெரியாது. குஞ்சு அன்றைக்கு மூக்கைவிட்டு இறங்கவே இல்லை.

மயிலிடம் கேட்டாள். தினமும் காலையில் உட்கார வைத்துப் புத்தி சொல்லு என்றது. சடைச்சி மூன்று நாள் புத்தி சொன்னாள். நான்காம் நாள் குஞ்சு அவளுக்கு அதே புத்தியை அட்சரம் பிசகாமல் திருப்பிச் சொல்லிவிட்டு, கடைசியில் கடித்தது.

ஒவ்வொரு கடிக்கும் சடைச்சி அலறுவாள், குதிப்பாள், இரண்டு சுற்றுச் சுற்றுவாள். பிறகு வாயை அடைக்க ஒரு அத்திப்பழம் கொடுப்பாள். இதைப் பார்க்க மந்திக் கூட்டம் குட்டிகளைத் தூக்கிக்கொண்டு வந்து எதிர்ப் பாறையில் உட்கார ஆரம்பித்தது. நல்ல இடம் பிடிக்க விடியற்காலையிலேயே வந்து தழை விரித்து வைக்கிற மந்திகளும் உண்டு. கடி விழுந்ததும் கைதட்டுவார்கள். குஞ்சு இரண்டு பக்கமும் தலையை ஆட்டும்.

முதுகேற்ற இன்னும் ஒன்பது நாள்தான் இருந்தது. அன்றைக்குச் சடைச்சி தேன் எடுக்கப் போனாள். கவலையோடு போன ஆள் கூட்டைச் சரியாகப் பார்க்கவில்லை. தேனீக்கள் முகத்திலேயே கொட்டிவிட்டன. மூக்கு பலாக்காய் மாதிரி வீங்கிவிட்டது. வாயைத் திறக்க முடியவில்லை. மூக்கைத் தொட்டாலும் மரத்துப்போய் ஒன்றும் தெரியவில்லை. குகைக்கு வந்து சுவரோரமாகச் சாய்ந்துவிட்டாள்.

மிளகு வந்து வழக்கம்போல் மூக்கைக் கடித்தது. சத்தம் இல்லை. இன்னும் அழுத்திக் கடித்தது. ஒன்றும் இல்லை. வலது பக்கம் போய்க் கடித்தது. இடது பக்கம் போய்க் கடித்தது. கீழே இறங்கி ஒரு சுற்று நடந்து, கரடியின் பின்பக்கம் ஏதாவது அடைத்துக்கொண்டிருக்கிறதா என்றுகூடப் பார்த்தது. பிறகு குகை வாசலுக்குப் போய் உட்கார்ந்துகொண்டது.

அந்தப் பக்கமாக ஒரு அணில் வந்தது. ஏன் மூஞ்சி இப்படி வாடிக் கிடக்கிறது என்று கேட்டது.

"என் கரடி கெட்டுப்போச்சுக்கா" என்றது மிளகு.

"எப்படிக் கெட்டுச்சு?"

"நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. ஒரு கடி கடிச்சா பாட்டு. இன்னும் அழுத்துனா ஆட்டம். ஆடி முடிச்சதும் பழம். வந்த நாள்லேருந்து பாடுபட்டுப் பழக்கி வச்சிருந்தேன். இன்னிக்கு எட்டுக் கடி கடிச்சுட்டேன், எதுவும் வரல."

"வேற இடத்துல கடிச்சுப் பாரேன்."

"வேற இடமெல்லாம் மயிரா இருக்கே."

அணில் உச்சுக் கொட்டியது. புதுசாக வேறு கரடி கிடைக்குமா என்று இரண்டும் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டன.

உள்ளே படுத்திருந்த சடைச்சி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். முதலில் கோபம் வந்தது. இத்தனை நாளும் இது என்னைப் பழக்கியிருக்கிறதே! பிறகு சிரிப்பு வந்தது. வீங்கின வாயோடு சிரித்ததில் உயிர் போகிற வலி. வலியோடு வலியாக ஒன்று விளங்கியது. குஞ்சு பொல்லாதது இல்லை. அது பாட்டுக்கு வேலை செய்து கூலி வாங்கியிருக்கிறது. கொடுத்தவள்தான் முட்டாள்.

அன்று சாயங்காலம் மிளகு சலித்துப்போய் அவள் தோளில் ஏறிச் சும்மா உட்கார்ந்தது. கடிக்கவில்லை. சடைச்சி மெதுவாக ஒரு அத்திப்பழத்தை எடுத்து நீட்டினாள். மிளகு பழத்தைப் பார்த்தது, அவளைப் பார்த்தது. நான் ஒன்றும் செய்யவில்லையே, எதற்குப் பழம் என்று கேட்டது. சடைச்சியால் பேச முடியவில்லை. அதுவும் நல்லதாகப் போயிற்று.

வீக்கம் வடிந்த பிறகும் அவள் அப்படியே நடந்தாள். கடித்தால் அலறல் இல்லை, திட்டு இல்லை. குஞ்சைக் கீழே பாறைமேல் இறக்கிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொள்வாள். கடிக்காமல் இருந்தால் ஒரு துண்டுப் பழம், ஒரு நல்ல வார்த்தை.

முதல் இரண்டு நாள் மிளகு முன்னைவிட நாலு மடங்கு கடித்தது. கெட்டுப்போன கரடியை அடித்துத் தட்டிச் சரிபண்ணிவிடலாம் என்று அதற்கு நம்பிக்கை. சடைச்சி அலறல் வெளியே வராமல் இருக்கத் தன் கையைத் தானே கடித்துக்கொண்டாள். மந்திகள் வந்து பார்த்துவிட்டு, ஆட்டம் இல்லையா, இதற்கா விடியற்காலையில் எழுந்து வந்தோம் என்று முணுமுணுத்துக்கொண்டு போனார்கள்.

இன்னும் ஒன்றையும் அவள் கண்டுகொண்டாள். கடிப்பதற்கு முன்னால் மிளகின் கண்மணி சுருங்கிச் சுருங்கி விரியும், பிடரி சிலிர்க்கும். பயந்தாலும் அப்படித்தான், எரிச்சல் வந்தாலும் அப்படித்தான். அந்த நேரம் அவள் கிட்டே போவதில்லை. மேலேயிருந்து அள்ளுவதையும் விட்டுவிட்டாள். கையைக் கீழே வைத்துக்கொண்டு காத்திருப்பாள். வந்தால் வரட்டும்.

ஆறாம் நாள் மத்தியானம் மிளகு தானாகவே கையில் ஏறியது. அவள் தாடைக்கு அடியில் தலையை நுழைத்துத் தூங்கிவிட்டது. சடைச்சி அசையவில்லை. அவள் கால்மேல் கறையான் வரிசை ஊர்ந்தது. கரடிக்குக் கறையான் என்றால் பந்தி போட்ட மாதிரி. காலையிலிருந்து பட்டினி வேறு. அப்படியும் குனியாமல், கண்ணால் மட்டும் அந்த வரிசையை அனுப்பி வைத்தாள்.

முதுகேற்றும் நாள் வந்தது.

குளக்கரையில் ஏழு பேர் நின்றார்கள். முதலில் தலைவர் காட்டெருமை. பிறகு ஆமை, புள்ளிமான், காட்டுப்பன்றி, முள்ளம்பன்றி, மந்தி. ஏழாவதாக நயினான். நானும் நிற்கிறேன், பிள்ளைமேல் எனக்கு இல்லாத பாசமா என்று கேட்டு வாங்கிய இடம் அது. காலையில் அவன் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை.

மிளகு காட்டெருமைமேல் ஏறி இறங்கியது. ஆமைமேல் ஏறியதும் ஆமை நடக்க ஆரம்பித்துவிட்டது. அதை நிறுத்திச் சொல்லவே கொஞ்ச நேரம் ஆயிற்று. மானும் பன்றியும் சுலபம். முள்ளம்பன்றி முதுகில் எப்படி ஏறுவது என்று இந்தப் பழக்கத்தை உண்டாக்கியவர்கள் யோசிக்கவில்லை. மிளகு ஒவ்வொரு முள்ளாக அலகால் விலக்கி, வாய்க்காலில் நடப்பதுபோல் நடந்து போனது.

மந்தியின் தோளில் ஏறியபோதுதான் சிக்கல். எதிர்ப்பக்கம் மந்திக் கூட்டம் முழுதும் உட்கார்ந்திருந்தது. பழைய ஆட்டத்தைப் பார்த்து எத்தனை நாளாயிற்று! எல்லோரும் கைதட்டினார்கள். கடி, கடி என்று குட்டிகள் கத்தின. மந்தியின் காது மிளகின் அலகுக்கு நேராக இருந்தது. மொட்டையான, ரோஸ் நிறக் காது.

மிளகின் கண்மணி சுருங்கியது. விரிந்தது. பிடரி சிலிர்த்தது. அலகு திறந்தது.

சடைச்சி அதைப் பார்த்துவிட்டாள். ஓடிப்போய் அள்ளிவிடலாமா? வேண்டாம் என்று கத்தலாமா? கத்தினால் அதுவே பாட்டு ஆகிவிடும். ஓடினால் அதுவே ஆட்டம் ஆகிவிடும். அவள் கையை மட்டும் கீழே வைத்துக் காட்டிவிட்டு, நின்ற இடத்திலேயே நின்றாள்.

அலகு திறந்ததைப் பார்த்து மந்திக் குட்டிகள்கூடக் கத்துவதை நிறுத்தின. அப்போது அந்த அமைதியில் ஒரு பெரிய அலறல்.

"ஐயோ! கடிச்சுட்டான்! மூணு இடத்துல கடிச்சுட்டான்! ரத்தம் வருது!"

நயினான்தான். கடி விழும் என்று கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றவன், முதுகில் ஒரு நாவல் இலை விழுந்ததும் அலறிவிட்டான். கண்ணைத் திறக்காமலே உருண்டு புரண்டான். அவன் போட்ட கூப்பாட்டில் மிளகுக்குக் கடிக்க வந்ததே மறந்துவிட்டது. வாயைத் திறந்தபடி அவனையே பார்த்துக்கொண்டு நின்றது.

காட்டெருமைத் தலைவர் மெதுவாகச் சொன்னார்: "அது இன்னும் மந்தி தோள்லதான்யா இருக்கு."

நயினான் ஒரு கண்ணை மட்டும் திறந்தான். பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டான்.

முதுகு இன்னும் ஒன்று பாக்கி, எழுந்து நில்லு என்று தலைவர் சொன்னார். நயினான் நடுங்கிக்கொண்டே நின்றான். மிளகு இறங்கி வந்து அவன் தலையில் ஏறி, முதுகு வழியாக நடந்து, வாலில் சறுக்கிக்கொண்டு இறங்கியது. நேராகப் போய்ச் சடைச்சி கீழே வைத்திருந்த கையில் ஏறி நின்றது.

இனிமேல் அது காட்டுப்பிள்ளை என்று தலைவர் சொன்னார். கடிபடாமலே அலறியவன் தவளைகள் எல்லாம் குடித்து முடித்த பிறகு கடைசியாக வந்து தண்ணீர் குடிக்கட்டும் என்றும் சொன்னார். தவளைகளுக்கு அவசரமே இல்லை.

மிளகு குளத்தில் மூன்று மிடறு தண்ணீர் குடித்தது. பிறகு சடைச்சியின் காதில் கேட்டது: "எல்லாரையும் விட்டுட்டு என்னை மட்டும் ஏன் பார்த்துக்கிட்டே நின்னே?"

"நீ வருவேன்னு தெரியும். அதான்" என்றாள் சடைச்சி. அவளுக்குக் கண் கலங்கியது. ஒரு அத்திப்பழத்தை எடுத்து இரண்டாகப் பிட்டு, பெரிய பாதியை அதனிடம் கொடுத்தாள்.

கடித்த பிறகு கொடுக்கிற பழம் கடியைத்தான் வளர்க்கும். நல்லதைச் செய்யும்போது பார்த்துக் கொடுக்கிற பழமே பிள்ளையை வளர்க்கும்.