இறக்கத்துக்கு எவ்வளவு பவர்?

"என் வண்டிக்கு இன்னும் கொஞ்சம் பவர் ஏத்தித் தரணும் டீச்சர்" என்றார் செபஸ்தியான்.

டீ டம்ளரை வாயருகே கொண்டுபோன பூங்கோதை நிறுத்தினாள். "உங்க வண்டிக்குங்களா?"

"ஆமா."

"அதுக்குத்தான் கோயமுத்தூர்ல இருந்து வரச் சொன்னீங்களா? நீங்களே எழுதிக்கலாமேங்கண்ணா."

"எழுதலாம். கை வர மாட்டேங்குது."

டாக்டர்கள்கூடச் சொந்தப் பிள்ளைக்கு ஊசி போட வேறொருவரைக் கூப்பிடுவதுண்டு.

கோத்தகிரியில் செபஸ்தியானின் ஷெட்டைத் தெரியாத டாக்ஸிக்காரர் கிடையாது. ஸ்பானர் பிடித்தே வாழ்ந்தவர், ஐம்பது தாண்டிய பிறகு ரீமேப் படிக்கக் கிளம்பினார். டர்போ வைத்த இன்ஜினுக்குள் எவ்வளவு காற்றைத் தள்ள வேண்டும், எவ்வளவு டீசல் ஊற்ற வேண்டும் என்பதெல்லாம் வண்டியின் கம்ப்யூட்டரில் எண்களாக இருக்கும். லேப்டாப்பைக் கேபிளால் வண்டியோடு இணைத்து அந்த எண்களை மாற்றி எழுதினால் அதே இன்ஜின் கூடுதலாக இழுக்கும். அதை நன்றாகச் சொல்லித்தரக் கோயம்புத்தூரில் பூங்கோதை இருக்கிறாள் என்று கேள்விப்பட்டு, தன்னைவிட ரொம்பச் சின்னவளான அவளிடம் போய் நின்றார்.

ஊரில் சிரிக்காத வாயில்லை. "பேரன் எடுக்குற வயசுல ஒரு பொண்ணுகிட்டப் படிக்கப் போறாராம்" என்றார்கள். செபஸ்தியானுக்கு அது உறைக்கவே இல்லை. முதல் நாளிலிருந்து அவளை டீச்சர் என்றுதான் கூப்பிட்டார். அவளும் எவ்வளவோ சொல்லிப் பார்த்து, பிறகு விட்டுவிட்டாள். அவள் சொன்னதை ஒரு வார்த்தை மாற்றாமல் செய்கிற மாணவர் அவர் ஒருவர்தான். அதில் அவளுக்குப் பெருமையும் உண்டு.

"இப்ப எதுக்குங்கண்ணா பவர்?" என்று கேட்டாள்.

"பாப்பா வந்திருக்கால்ல. தலைப்பிரசவம்."

அவர் மகள் ஜெசிந்தாதான் அந்த டீயைக் கொண்டுவந்து கொடுத்தாள். நிறைமாத வயிறு. ஷெட்டுக்குப் பின்னாலிருக்கும் வீட்டிலிருந்து சரிவில் இறங்கி வந்ததற்கு அப்பாவிடம் திட்டும் வாங்கிக்கொண்டு போயிருந்தாள்.

"மாப்பிள்ளை வீடு திருப்பூர்ல. ஆஸ்பத்திரி அடுத்த தெருவுலயே இருக்கு. அங்கயே பாத்துக்கறோம்னாங்க. நான்தான் விடல. தாயில்லாப் பொண்ணு, கூட்டிட்டுப் போக நாதியில்லன்னு ஊர் சொல்லிடக் கூடாதே."

"சரிங்க."

"வலி வந்தா மேட்டுப்பாளையம்தான் போகணும். அன்னைக்கு மாதிரி ஆயிடக் கூடாது டீச்சர்."

அன்னைக்கு என்றால் எந்த நாள் என்று பூங்கோதைக்குத் தெரியும். போன வருஷம் மழைக்காலத்தில் அவர் மனைவி பிலோமினா நெஞ்சுவலியோடு இதே வண்டியில் கிளம்பினாள். மலையிறங்கி முடிப்பதற்குள் போய்விட்டாள். அதிலிருந்து செபஸ்தியான் ஒரே ஒரு விஷயத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். வண்டியில் தெம்பு பத்தவில்லை. பாதிரியாரிடம் சொன்னார், மாப்பிள்ளையிடம் சொன்னார், டீக்கடையில் யாரோ வழி கேட்டவரிடமும் சொன்னார். துக்கப்படுகிறவரோடு யார் வாதாடுவார்கள்? எல்லோரும் தலையாட்டினார்கள். தலையாட்டுகிறவர்கள் கூடக்கூட அவருக்கு அது வேதவாக்காகிவிட்டது.

"கம்பெனிக்காரன் கொஞ்சம் மிச்சம் புடிச்சுத்தானே வெச்சிருக்கான்? அதை எடுத்துக் குடுத்துருங்க" என்றார்.

"எதுக்கு மிச்சம் வெச்சிருக்கான்?"

"மட்டமான டீசல் போடுறவனுக்கு, ஆயில் மாத்தாதவனுக்கு, வெயில்ல ஏசி போட்டு ஏத்தம் ஏறுறவனுக்கு."

"கூட எழுதினா முதல்ல என்ன போகும்?"

"கிளட்ச். அப்புறம் டர்போ."

"வர்றவங்களுக்கெல்லாம் இதைச் சொல்றீங்கல்ல?"

"சொல்றேன்."

ஊருக்குத்தான் உபதேசம் என்று அவள் சொல்லியிருக்கலாம். வேறொரு நாளாக இருந்தால் சொல்லிச் சிரித்தும் இருப்பாள். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "ஓட்டிப் பாத்துட்டு வரலாம் வாங்க" என்றாள்.

"எங்க?"

"அன்னைக்குப் போன வழிதான்."

செபஸ்தியானின் முகம் சுருங்கியது. ஆனால் டீச்சர் சொன்னதை மறுத்து அவருக்குப் பழக்கமில்லை. மகளுக்குத் துணையாகப் பக்கத்து வீட்டுப் பெண்ணை இருக்கச் சொல்லிவிட்டு வந்து வண்டியை எடுத்தார்.

மலை முழுக்கப் பனிமூட்டம். தேயிலைத் தோட்டங்கள் இருக்கிற இடமே தெரியவில்லை. முன்னால் போகிற லாரியின் சிவப்பு விளக்கு மட்டும் தெரிந்தது. பூங்கோதை அவர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, ரோட்டைப் பார்க்காமல் அவர் பாதத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"அவ்வளவு வேகம் வேண்டாங்கண்ணா. அன்னைக்குக் கால் எந்தெந்த எடத்துல இருந்துச்சோ, அங்க வெச்சாப் போதும்."

வளைவுக்கு வளைவு கால் பிரேக்கில் போய் நின்றது. எடுத்தார், வைத்தார். மறுபடி எடுத்தார், வைத்தார். கொஞ்ச தூரம் போனதும் பிரேக் காய்ந்த வாடை உள்ளே வந்தது.

குரங்குகளுக்கு வாழைப்பழம் எறிவதற்காக எல்லோரும் வண்டியை நிறுத்துகிற ஒரு வளைவு இருக்கிறது. அதைத் தாண்டும்போது, "இது வரைக்கும் பேசிட்டு வந்தா" என்றார்.

"என்ன பேசுனாங்க?"

"கேஸ் அடுப்பை அணைச்சோமான்னு கேட்டா."

பனி விலகிப் பாக்குத்தோப்புகள் தெரிய ஆரம்பித்த இடத்தில், மலை முடிந்து ரோடு நேரானது. பூங்கோதை வண்டியை ஓரங்கட்டச் சொன்னாள்.

"ஆக்சிலேட்டரை எங்க மிதிச்சீங்கண்ணா?"

செபஸ்தியான் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இங்க இருந்து மிதிச்சேன். நேர் ரோடு."

"இங்க வரும்போது அக்கா இருந்தாங்களா?"

அவர் ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டார்.

பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. இப்படிக் கேட்டிருக்க வேண்டாமோ என்றுகூடப் பூங்கோதைக்குத் தோன்றியது. ஆனால் கேட்டாகிவிட்டது. "திருப்புங்க, போலாம்" என்றாள்.

ஏற்றத்தில் வண்டி உறுமிக்கொண்டு ஏறியது. செபஸ்தியானுக்குக் கொஞ்சம் உயிர் வந்த மாதிரி இருந்தது. "இப்பப் பாருங்க டீச்சர். மூணாவது கியர்ல திணறுது பாத்தீங்களா? பவர் பத்தல."

"ஏத்தத்துல யாரைங்கண்ணா அவசரமாக் கொண்டு போகணும்?"

அவர் இரண்டாவது கியருக்கு இறக்கினார். பிறகு சொன்னார்.

"அன்னைக்கு ஏத்தத்துலயும் வந்தோம் டீச்சர். அவளை வீட்டுக்குக் கொண்டு வந்தேன். அவசரம் இல்ல."

ஷெட்டில் வண்டியை நிறுத்தி, இறங்காமலே, "இருந்தாலும் எழுதிருங்க" என்றார்.

பூங்கோதை அதற்குமேல் வாதாடவில்லை. கிளட்ச் தாங்குகிற அளவுக்குப் பேருக்குக் கொஞ்சம் கூட்டி எழுதிவிட்டால் மனுஷனுக்கு மனசாவது ஆறட்டும் என்று நினைத்தாள். முன்கதவைத் திறந்துவைத்து, ஸ்டியரிங்குக்குக் கீழே கேபிளைச் செருகினாள். லேப்டாப்பை ஒரு ஸ்டூலில் வைத்துக்கொண்டு, வண்டிக்குள் இருந்த எண்களை முதலில் படித்து எடுத்தாள். சிலவற்றை மாற்றினாள். பக்கத்தில் நின்ற செபஸ்தியான், பரீட்சை விடைத்தாளைப் பார்ப்பதுபோல ஒவ்வொன்றையும் பார்த்தார். பிறகு எழுதும் பொத்தானை அழுத்தினாள். திரையில் ஒரு நீலப் பட்டை மெல்ல நகர ஆரம்பித்தது.

இந்தத் தொழிலில் தொடக்கூடாத நேரம் ஒன்று உண்டென்றால் அது இதுதான். பட்டை ஓடி முடியும்வரை கேபிளை எடுக்கக் கூடாது. பாதியில் எடுத்தால் பழைய எண்களும் இருக்காது, புதிய எண்களும் இருக்காது. கம்ப்யூட்டர் செத்துவிடும். வண்டி வெறும் இரும்பு. படிக்க வருகிற எல்லோருக்கும் முதல் வகுப்பிலேயே பூங்கோதை இதைச் சொல்லிவிடுவாள். "வீடு பத்தி எரிஞ்சாலும் கேபிள்ல கை வைக்காதீங்க" என்பாள். வகுப்பே சிரிக்கும். அவளும் சிரிப்பாள்.

இப்போது செய்வதற்கு ஒன்றுமில்லை. காத்திருக்க வேண்டியதுதான்.

"அண்ணா" என்றாள். "அன்னைக்கு அக்கா வலிக்குதுன்னு முதல்ல எப்பச் சொன்னாங்க?"

"சாயங்காலம்."

"வண்டி எடுத்தது?"

"இருட்டினப்புறம்."

"ஏனுங்கண்ணா?"

செபஸ்தியான் நீலப் பட்டையைப் பார்த்தபடியே சொன்னார். "ஒரு டாக்ஸிக்கு எழுதிட்டு இருந்தேன். வாசல்ல வந்து நின்னா. நெஞ்சு ஒரு மாதிரி அடைக்குதுங்கன்னா. உக்காரு, இது முடியட்டும்னேன். வாயுவா இருக்கும்னு சோடா குடிக்கச் சொன்னேன். குடிச்சா. பாதியில கரண்ட்டு வேற போயிருச்சு, பேட்டரியில போட்டு விடாம எழுதி முடிச்சேன். அதுவரைக்கும் அந்தப் பெஞ்சுலதான் உக்காந்திருந்தா. ஒரு வார்த்தை பேசல."

"நீங்க எந்திரிக்கலையா?"

"கேபிள் போட்டிருந்தேனே டீச்சர்."

அவர் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. பாடத்தைச் சரியாக ஒப்பிக்கிற பிள்ளையைப் போலத்தான் சொன்னார். ஒரு வருஷமாக ஊர் முழுக்க வண்டியைக் குறை சொன்னவர், இதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தார். சொன்னால் குறை யார் மேல் போய் விழும் என்று யோசித்துத்தான் சொல்லாமல் இருந்தாரோ என்னவோ.

எத்தனை வகுப்பில், எத்தனை தடவை அந்தக் கேபிள் பாடத்தைச் சொல்லிச் சிரித்திருக்கிறாள் பூங்கோதை! சுவரோரம் கிடந்த பெஞ்சைப் பார்த்தாள். அவர் மேல் கோபம் வந்தது. அதைவிடத் தன் மேல் வந்தது.

"அப்பா."

ஜெசிந்தா வாசலில் நின்றாள். ஒரு கை நிலையைப் பிடித்திருந்தது, இன்னொன்று இடுப்பில் இருந்தது. முகம் வெளுத்திருந்தது.

"அடிவயிறு சுருக்கு சுருக்குன்னு பிடிக்குதுப்பா. விட்டு விட்டு வருது."

பட்டை பாதியைத் தாண்டியிருந்தது. செபஸ்தியான் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கொஞ்சம் உக்காரு பாப்பா" என்றார். "இது முடியட்டும்."

ஜெசிந்தா பெஞ்சை நோக்கி நகர்ந்தாள்.

பூங்கோதை எழுந்தாள். வண்டிக்குள் குனிந்து, ஸ்டியரிங்குக்குக் கீழே கையை விட்டுக் கேபிளைப் பிடுங்கினாள்.

நீலப் பட்டை அப்படியே நின்றது. திரையில் சிவப்பு எழுத்துகள் வந்தன. டேஷ்போர்டில் எரிந்துகொண்டிருந்த விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன.

"டீச்சர்! என்ன பண்றீங்க? பாதியில எடுத்துட்டீங்களே!"

செபஸ்தியான் ஓடிப்போய் இருக்கையில் விழுந்து சாவியைத் திருப்பினார். ஒன்றும் நடக்கவில்லை. அணைத்துவிட்டு மறுபடி திருப்பினார். ஒரு முனகல்கூட இல்லை.

"வண்டி செத்துப் போச்சு டீச்சர்" என்றார். அழுகிற குரலில்தான் சொன்னார்.

அதற்குள் பூங்கோதை ஜெசிந்தாவைத் தோளோடு அணைத்து வாசலுக்குக் கூட்டிப்போயிருந்தாள். வெளியே நின்ற தன் சின்னக் காரின் பின்கதவைத் திறந்து, அவளை மெதுவாக உட்காரவைத்து, கால்களை உள்ளே எடுத்துவைத்தாள். பிறகு ஷெட்டுக்குள் திரும்பிப் பார்த்தாள். செபஸ்தியான் இன்னும் சாவியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"இந்த வாட்டி செத்தது வண்டி மட்டுந்தானுங்கண்ணா" என்றாள். "வந்து ஏறுங்க."