படலோரத்துக் கொடிகள்

இதை முன்பின்னாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஒரு விவரம் விட்டுப்போனாலும் பழி வேறு ஆள் மேல் விழுந்துவிடும். பொறுமையாகக் கேளுங்கள்.

ஒரே வாய்க்காலில் மூன்று வெற்றிலைக் கொடிக்கால்கள். மேலே வேலாண்டி, நடுவில் செவந்தி, கீழே மொக்கராசு. தண்ணீரும் அந்த வரிசையில்தான் பாயும். நாங்கள் நான்கு பெண்கள் கூலிக்கு வெற்றிலை கிள்ளுவோம். காலையில் ஈரம் காயாத மேல் கொடிக்கால். அது முடிந்ததும் வரப்போடு நேரே கீழ்க் கொடிக்கால். செவந்தி ஆள் வைப்பதில்லை, தானே கிள்ளுவாள். கொடிக்காலுக்குள் யாரும் செருப்போடு நுழைவதில்லை. நுழைகிற வாசல் படலுக்கு வெளியே கழற்றிவிடுவோம். அவ்வளவு சுத்தம் என்று நினைப்பு.

தை மாதம் மேல் கொடிக்காலில் நோய் கண்டது. அடித்தண்டு கறுத்து அழுகி, இலை தொங்கியது. பத்தே நாளில் மொக்கராசு கொடிக்காலிலும் அதே அழுகல். வாய்க்கால் நுழைகிற பக்கம் கொடிகள் நன்றாகவே இருந்தன. படலோரத்து வரிசைதான் முதலில் விழுந்தது. நடுவில் செவந்தியின் கொடி ஒன்றுகூட வாடவில்லை.

மொக்கராசு மண்வெட்டியோடு செவந்தியின் மடையை அடைக்க வந்துவிட்டார்.

“எல்லார் கொடியும் சாகுது, ஒன் கொடி மட்டும் மினுமினுன்னு நிக்குது. தண்ணியில என்னத்தடி கலந்துவிட்ட?”

“தண்ணி என்னத் தாண்டித்தானண்ணே ஒங்களுக்கு வருது. கலந்தா என் கொடி மொதல்ல சாகாதா?”

“வாய் மட்டும் வாடல ஒனக்கு!”

“காத்துல வந்திருக்கும்யா, விடு” என்றார் வேலாண்டி.

மொக்கராசு கேட்கவில்லை. மடையில் முதல் வெட்டு மண் விழுந்தது. பதினைந்து நாள் தண்ணீர் பாயாவிட்டால் செவந்தியின் கொடிக்கால் கருகிவிடும். அவளுக்கு வேறு பிழைப்பு கிடையாது.

நீங்களே சொல்லுங்கள். நோயைக் கீழே கொண்டுபோனது யார்?

நாங்கள்தான். தண்ணீரோ காற்றோ என்றால் நடுவில் இருப்பவளைத் தொடாமல் போயிருக்காது. செருப்பைக் கழற்றினோம், கால் விரலிடுக்கில் ஒட்டியிருந்த மேல் கொடிக்கால் சேற்றைக் கழுவவில்லை. அதை மிதித்து இறக்கிய இடம் படலோரம். நான் போய் மண்வெட்டிக் காம்பைப் பிடித்துக்கொண்டு, “அண்ணே, என் காலப் பாருங்க” என்றேன். மடை தப்பியது. எங்களுக்கு ஒரு மாதம் வேலை இல்லை. இப்போதெல்லாம் நோயில்லாத கொடிக்காலில் முதலில் கிள்ளுகிறேன், நோய் கண்டதில் கடைசியில். ஒவ்வொரு படலுக்கு வெளியிலும் வாளித் தண்ணீரில் விரல் விரலாகத் தேய்த்துக் கழுவுகிறேன். வாய்க்காலில் மட்டும் கால் வைப்பதே இல்லை, சேறு தண்ணீரோடு கீழே போய்விடுமே.