தொந்திக் கணப்பும் வாய் நிறைய கமர்கட்டும்

ஒரு ஊர்ல ஒரு குளிர் இருந்துச்சாம். ஆமா, குளிருதான். சிரிக்காத. அந்த மலைமேல முதல்ல குளிருதான் குடிவந்துச்சு, அப்புறந்தான் ஜனங்களே போனாங்க. காலை நீட்டிப் படு. போர்வை நுனியைக் கடிக்காத. நான் சொல்லச் சொல்ல நீ ‘ம்’ கொட்டணும். கொட்டலைன்னா கதை நடுவழியில நின்னுரும். எங்க, ம்?

“ம்.”

அந்த ஊர்ல குருவம்மான்னு ஒருத்தி. தனி வீடு, வீட்டைச் சுத்தித் தோட்டம். கேரட், முட்டைக்கோஸ், ஒரு பிளம்ஸ் மரம். புருஷன் போய்ச் சேர்ந்துட்டாரு. பேச்சுத் துணைக்கு ஆள் இல்ல. அதனால முட்டைக்கோஸ்கிட்ட பேசுவா. அது எதிர்த்துப் பேசாதுல்ல, அவளுக்கு அது ரொம்பப் பிடிக்கும். ஏன்னா அவ வாயில எப்பவும் ஒரே ஒரு பேச்சுதான். யாரு என்ன சொன்னாலும் “எனக்குத் தெரியும்!” மழை வரும்போல இருக்கு குருவம்மான்னா, எனக்குத் தெரியும். உன் செருப்பு வார் அறுந்துருச்சுன்னா, எனக்குத் தெரியும். சொல்லிட்டு அந்தச் செருப்போடவே நடந்து தொப்புன்னு விழுவா.

அவளுக்கு ஒரு தங்கச்சி, வீராயி. கீழ வெயில் ஊர்ல இருந்தா. அவளுக்கும் தனிக்கட்டை வாழ்க்கைதான். ஒரே மகளைக் கட்டிக் கொடுத்தாச்சு. குருவம்மாவுக்கு ஒரே ஆசை. தங்கச்சி மேல வந்து தன்கூடவே இருந்துடணும். ராத்திரி அந்த வீட்ல கடிகாரம் ‘டிக் டிக்’குங்கறதைக் கேட்டாலே அவளுக்கு அழுகை வரும். வெளியே சொல்லமாட்டா.

வீராயி என்ன சொன்னா தெரியுமா? “சாயந்திரமானா வெளிய உக்காந்து நாலு கதை பேசாம என்னால இருக்க முடியாதுக்கா. உன் ஊர்ல அஞ்சு மணிக்கே பல்லு தந்தியடிக்குது. மூணு தடவை வந்து பாக்குறேன். மூணு தடவையும் சரிப்படலைன்னா அப்புறம் என்னைக் கூப்பிடாத.”

அப்போ குருவம்மா யோசிச்சா. வெளிய உக்காரணும், குளிரவும் கூடாது. சரி, ஒரு கணப்பு வாங்கிடுவோம்! கணப்புன்னா குளிர் காயற அடுப்பு, மண்ணுல செஞ்சது. கீழ பெரிய தொந்தி, தொந்தியில விறகு போட ஒரு வாய், தலைக்கு மேல புகை போக நீளமா ஒரு கழுத்து. தோட்டத்துல வச்சு உள்ள தீ மூட்டினா முன்னாடி உக்காந்தவங்களுக்கு இதமா இருக்கும். ம்?

“ம்.”

சந்தையில மாயக்கான்னு ஒருத்தி மண்சாமான் விப்பா. அவளே செஞ்சு, அவளே சுட்டு, அவளே விப்பா. வாய் கொஞ்சம் நீளம். அவ கடைக்கு எதிர்ல ஒரு புதுக்கடை. அங்க ஒரு கணப்பு, மேலெல்லாம் பச்சைக்கிளி வரைஞ்சு பளபளன்னு நின்னுச்சு. குருவம்மா கண்ணு அதுலயே ஒட்டிக்கிச்சு.

மாயக்கா இந்தப் பக்கமிருந்து கத்தினா. “அக்கா, கிளியைப் பாத்து வாங்காதீங்க. விரலை மடக்கித் தட்டிப் பாருங்க. கணீர்னா நல்லா வெந்தது. டொப்புன்னா வேகாதது.”

“எனக்குத் தெரியும்!”

தட்டலை. தூக்கிட்டு வந்துட்டா. என்ன லேசா இருக்கு, தூக்க எவ்ளோ சுகமா இருக்குன்னு ஒரே சந்தோஷம். அப்பளம் மாதிரி இருந்தா லேசாத்தானே இருக்கும்!

அப்புறம் கார்த்திகை மாசம் வீராயி வந்தா, ஸ்வெட்டர், குரங்குக் குல்லா எல்லாம் மாட்டிக்கிட்டு. குருவம்மா முதல் நாளே விறகைத் திணி திணின்னு திணிச்சுப் பத்த வச்சா. சடசடசட! வீராயி மெல்லக் கேட்டா, “புதுச் சாமானுக்கா. எடுத்த எடுப்புல இம்புட்டு நெருப்பு தாங்குமா?”

“எனக்குத் தெரியும்!”

வீராயி பேச்சை மாத்தினா. “எங்க தெருவுல ஒரு கூத்துக்கா. எதிர்வீட்டுச் சேவல் ஒன்னு தானாவே பஸ் ஏறி...”

“எனக்குத் தெரியும்!”

இவளுக்கு எப்படித் தெரியும்? சேவல் இவளுக்கு லெட்டரா போட்டுச்சு? வீராயி வாயை மூடிக்கிட்டா.

அப்போ குருவம்மா செஞ்ச வேலையைக் கேளு. புது அடுப்புன்னா பால் காய்ச்சுவோம்ல? பால் பொங்கி வழிஞ்சா நல்லதுன்னு சொல்வோம்ல? இவ ஒரு பால் சட்டியைக் கொண்டாந்து அந்தக் கணப்போட கழுத்து மேல உக்கார வச்சுட்டா! புகை போற வழி அடைஞ்சுபோச்சு. அது எங்க போகும்? வாய் வழியா ‘குபுக்’னு வந்து ரெண்டு பேரு மூஞ்சியிலயும் அடிச்சுச்சு. லொக்கு லொக்கு லொக்கு! கண்ணுல தண்ணி. அந்த நேரம் பாத்து பால் பொங்குச்சு. காய்ஞ்ச கழுத்து மேல ‘புஸ்ஸ்’னு வழிஞ்சு...

படார்!

கணப்பு ரெண்டாப் பொளந்துச்சு. கிளியோட உடம்பு இந்தப் பக்கம், மூக்கு அந்தப் பக்கம். விடிஞ்சதும் வீராயி பையைத் தூக்கிக்கிட்டு முதல் பஸ் ஏறிட்டா. பாவம்ல?

“பால் கொட்டிப்போச்சா?”

உனக்குப் பால் கவலை. கொட்டித்தான் போச்சு. பூனை நக்கிருச்சு. ம் கொட்டு.

“ம்.”

அப்புறம் குருவம்மா நேரா மாயக்காகிட்டயே போனா. தட்டினா. கணீர்! தடிமனா, கனமா, மூணு காலு வச்ச இரும்பு முக்காலியில ஆடாம உக்காந்திருந்துச்சு. அழகுன்னு சொல்ல முடியாது. பந்தியில ரெண்டாந்தடவை உக்காந்து எந்திரிச்ச மாமா மாதிரி ஒரு தொந்தி. வாங்கிட்டா. மாயக்கா சொல்ல ஆரம்பிச்சா. “அக்கா, கல்லுத் தரையில வைங்க. வீட்டை விட்டு, மரத்தை விட்டுத் தள்ளி வைங்க. தொந்திக்குள்ள மணல்...”

“எனக்குத் தெரியும்! எனக்குத் தெரியும்!” இந்தத் தடவை ரெண்டு.

கொண்டாந்து எங்க வச்சா? பிளம்ஸ் மரத்தடியில. காய்ஞ்ச புல்லு மேல. துணி காயப்போடற கொடிக்குப் பக்கத்துல. மணலாவது மண்ணாவது, ஒன்னும் போடலை.

மார்கழியில வீராயி வந்தா. பஸ்ல நனைஞ்ச ஸ்வெட்டரைக் கொடியில போட்டா, சாயந்திரத்துக்குள்ள காய்ஞ்சிருச்சு. காலையில தூறின தூறல்ல விறகெல்லாம் இன்னும் ஈரம். குருவம்மா ஊதினா, ஊஃப் ஊஃப். பத்தலை. அப்போ உள்ள போய் மண்ணெண்ணெய் பாட்டிலை எடுத்துட்டு வந்தா.

“அக்கா, வேணாம்!”

“எனக்குத் தெரியும்!”

ஊத்திக் குச்சியைக் கிழிச்சா. பூஊஊஃப்! வாய் வழியா ஒரு நாக்கு நீண்டு வந்து குருவம்மாவோட ரெண்டு புருவத்தையும் நக்கிட்டுப் போயிருச்சு. கழுத்து வழியா பொறி பறந்து, ஒரு பொறி கொடியில தொங்கின ஸ்வெட்டர் முதுகுல உக்காந்துச்சு. இன்னொன்னு மண்ணெண்ணெய் சிந்தின புல்லுல விழுந்து பத்திக்கிச்சு. வீராயி ஓடிவந்து தங் தங்குன்னு புல்லை மிதிச்சு அணைச்சா. நல்லவேளை, செருப்போட போச்சு, காலுக்கு ஒன்னும் ஆகலை. கொஞ்சம் அசந்திருந்தா மரம், வீடு எல்லாம் போயிருக்கும். இதைச் சொல்றப்போ எனக்கே பக்குங்குது. நெருப்புகிட்ட மட்டும் விளையாட்டு வச்சுக்கவே கூடாது, கேட்டியா? பெரிய பொம்பளையா இருந்தாலும் சரி.

“ம்.”

அப்போ குருவம்மா பதட்டத்துல ஒரு வாளி தண்ணியைத் தூக்கிச் சூட்டோட சூடா கணப்பு மேல ஊத்தினா. சொய்ய்ய்! அப்புறம் ‘டப்’னு ஒரு சத்தம். போச்சு. தொந்தி மாமாவுக்கு வயித்துல பெரிய விரிசல்.

மறுநாள் காலையில வீராயி அந்த ஸ்வெட்டரையே மாட்டிக்கிட்டுக் கிளம்பினா. முதுகுல தோசை அளவு ஓட்டை. “அந்தச் சேவல் கதையாவது சொல்லிட்டுப் போறேன்க்கா”ன்னு வாசல்ல நின்னு ஆரம்பிச்சா. பழக்க தோஷம், குருவம்மா வாயில வந்துருச்சு, “எனக்குத் தெரியும்”னு. வீராயி ஒரு பார்வை பாத்தா. “தை மாசம் வரேன். அதான் கடைசி”ன்னுட்டுப் போயிட்டா.

அன்னைக்கு ராத்திரி கடிகாரம் ‘டிக் டிக்’ன்னுச்சு. குருவம்மா புருவம் இல்லாத மூஞ்சியைத் தலையணையில புதைச்சுக்கிட்டு அழுதா.

விடிஞ்சதும் மாயக்கா கடைக்குப் போனா. “இன்னொரு கணப்பு கொடு.”

மாயக்கா கையைக் கட்டிக்கிட்டா. “தரமாட்டேன். நான் மண்ணு மிதிச்சு, வனைஞ்சு, காயவச்சு, சூளை போட்டு எடுக்குறேன். உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே. நீங்களே செஞ்சுக்குங்க.”

குருவம்மாவுக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துருச்சு. “எனக்குத்...” பல்லைக் கடிச்சு அடக்கினா. திரும்பவும் வந்துச்சு. “எனக்...” இது சரிப்படாதுன்னு பக்கத்துப் பொட்டிக்கடைக்கு ஓடினா. கமர்கட்டு தெரியும்ல? வெல்லப்பாகுல செஞ்ச கல்லு உருண்டை. இந்தக் கன்னத்துல ரெண்டு, அந்தக் கன்னத்துல ரெண்டு அடக்கிக்கிட்டு வந்து மாயக்கா முன்னாடி சம்மணம் போட்டு உக்காந்தா. இப்போ வாயைத் திறக்க முடியாது. என்ன வரும்? “ம்”தான் வரும். நீ கொட்டுறியே, அதே ம்!

“ம்!”

மாயக்கா சொன்னா. “வீட்டுச் சுவரு, கூரை, மரம், கொடி எல்லாத்தையும் விட்டுப் பத்தடிக்கு மேல தள்ளி, பலகைக்கல்லு மேல நிக்கணும்.” ம். “தொந்திக்குள்ள வாய்க்குக் கீழ வரைக்கும் மணல் போடணும். நெருப்பு கணப்போட அடியைத் தொடவே கூடாது.” ம். “முதல் நாள் ஒரு கைப்பிடிச் சுள்ளிதான். எரிஞ்சு தானா ஆறட்டும். மறுநாள் ரெண்டு கைப்பிடி. இப்படி ஒரு வாரம் பழக்குங்க.” ம். “காய்ஞ்ச விறகு. மண்ணெண்ணெய் நினைப்பே வேணாம். தண்ணியும் ஆகாது. பக்கத்துல ஒரு வாளி மணல் வச்சுக்குங்க. தணல் கறுத்து ஆறுற வரைக்கும் விட்டுட்டுப் போகக்கூடாது.” ம்.

கமர்கட்டுச் சாறு கடைவாயில வழிஞ்சுச்சு. குருவம்மா துடைச்சுக்கிட்டு இன்னும் ஒரு ‘ம்’ போட்டா. மாயக்காவுக்குச் சிரிப்பு தாங்கலை. இருக்கறதுலயே நல்ல கணப்பா பாத்து, தட்டி, கணீர்னு காமிச்சு எடுத்துக் கொடுத்தா.

அப்புறம் குருவம்மா, மாயக்கா சொன்னபடியே செஞ்சா. கல்லைப் போட்டா, மணலைக் கொட்டினா. முதல் நாள் ஒரு கைப்பிடிச் சுள்ளி. சட, சட, அவ்ளோதான், அணைஞ்சுபோச்சு. குளிர் காய வந்த பூனை, “இதுக்கா என்னைக் கூப்பிட்ட?”ங்கற மாதிரி பாத்துட்டுப் போயிருச்சு. குருவம்மாவுக்கு இன்னும் ரெண்டு விறகு தள்ளணும்னு கை பரபரன்னுச்சு. டக்குன்னு ஒரு கமர்கட்டை எடுத்து வாயில போட்டுக்கிட்டா. வாய்க்கு மட்டும் இல்ல, கைக்கும் அதுதான் மருந்து.

ஒரு வாரம் போச்சு. தை பொறந்துச்சு. வீராயி வந்தா. ஸ்வெட்டர் ஓட்டையை ஒட்டுத்துணி வச்சுத் தைச்சிருந்தா. சாயந்திரம் ரெண்டு பேரும் தோட்டத்துல உக்காந்தாங்க. காய்ஞ்ச விறகு ரெண்டே ரெண்டு. தொந்திக்குள்ள தீ ‘கொப்புக் கொப்பு’னு மெதுவா எரிஞ்சுச்சு. புகை சமர்த்தா கழுத்து வழியா மேல போச்சு. பால்? காய்ச்சினா, ஆனா உள்ள, கேஸ் அடுப்புல. அங்கேயே பொங்க விட்டுட்டு, ரெண்டு டம்ளர்ல கொண்டாந்தா.

வீராயி குல்லாவைக் கழட்டி மடியில வச்சுக்கிட்டா. அக்காவை ஓரக்கண்ணால பாத்துக்கிட்டே ஆரம்பிச்சா. “எங்க தெருவுல எதிர்வீட்டுச் சேவல்...”

குருவம்மா இடுப்புச் சுருக்குப்பையில கையை விட்டா. கமர்கட்டு தீந்துபோச்சு! ஐயோ! நாக்கு எந்திரிச்சு நின்னுச்சு. உதடு பிரிஞ்சுச்சு. வீராயி அப்படியே பேச்சை நிறுத்திட்டா.

குருவம்மா முழுங்கினா. அப்புறம் மெல்ல, “ம்”னா.

வீராயிக்குக் கண்ணு கலங்கிருச்சு. “அக்கா, குளிரா என்னை விரட்டுச்சு? மூணு ஸ்வெட்டர் போட்டா குளிர் போயிரும். நான் சொல்றதைக் கேக்க ஆளில்லாத வீட்ல எப்படிக்கா இருக்குறது? அதுக்கு நான் தனியாவே இருந்துருவேனே.”

குருவம்மா தங்கச்சி கையைப் பிடிச்சுக்கிட்டா. “அது எனக்குத் தெரியலையேடி”ன்னா. பொறந்ததுலேருந்து அவ அப்படிச் சொன்னதே இல்ல. “சேவல் என்ன பண்ணுச்சு, சொல்லு.”

“அதோட ஜோடிப் பெட்டையைப் பக்கத்து ஊர்க்காரங்களுக்குக் கொடுத்துட்டாங்கக்கா. இது காலையில பஸ் ஏறி அங்க போயிருச்சு.”

“ம்.”

“பிடிச்சுட்டு வந்தாங்க. மறுபடியும் ஏறிப் போயிருச்சு.”

“ம்.”

“மூணாவது தடவை கூட்டிட்டு வரவே இல்ல. அங்கேயே விட்டுட்டாங்க.”

குருவம்மாவுக்கு இப்போ ‘ம்’ வரலை. மெதுவா, “காலையில முதல் பஸ்ஸு ஆறு மணிக்குடி”ன்னா.

வீராயி என்ன சொன்னா தெரியுமா? காலைக் கணப்புப் பக்கமா நல்லா நீட்டிக்கிட்டு, “எனக்குத் தெரியும்”னா. “அது பாட்டுக்குப் போகட்டும். எனக்கென்ன?”

அப்புறம் ரெண்டு பேரும் தணல் கறுக்கற வரைக்கும் உக்காந்து பேசிட்டு, உள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டாங்க. கடிகாரம் ‘டிக் டிக்’ன்னுச்சு. கேக்கத்தான் யாருக்கும் நேரமில்ல. ம்?

ம் கொட்டுடா...

தூங்கிட்டியா? சரி. தணலும் ஆறிருச்சு, கதையும் ஆறிருச்சு. போர்த்திக்கிட்டு நல்லாத் தூங்கு. மிச்ச ‘ம்’மை நானே கொட்டிக்கிறேன். ம்.