தொடங்கிய நாள்

மலைமேல் இருந்த அந்த ஆசிரமத்துக்குள் மேகம் கேட்காமல் கொள்ளாமல் வந்து போகும். கம்ப்யூட்டர் அறைக்குள்ளும்தான். அங்கே உட்கார்ந்து சிவநேசன் ஆசிரமத்தின் இணைய மன்றத்தைக் கவனித்துவந்தார். சீடர்கள் தங்கள் சந்தேகங்களை அதில் எழுதுவார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் ஓர் இழை, அதன் கீழே பதில்கள்.

இழைக்குப் பக்கத்தில் கடைசிப் பதில் வந்த தேதி மட்டுமே தெரியும். யாராவது ஒரு வரி எழுதிவிட்டால் போதும், அரதப் பழசான கேள்வியும் சுடச்சுட மேலே வந்து உட்கார்ந்துகொள்ளும். சிவநேசனுக்கு அது பிடிக்கவில்லை. கேள்வி தொடங்கிய நாளையும் காட்டினால், வருடக்கணக்கில் ஒன்றையே பிடித்துத் தொங்குகிறவர்களுக்குக் கொஞ்சம் உறைக்கும் என்று நினைத்தார். குரு செங்கமலத்தம்மாவிடம் அனுமதி கேட்டார். அம்மா அவரைவிட ஐந்து வயது இளையவர். செய்யுங்கள் என்றார்.

மென்பொருளில் நாலு வரி சேர்த்தார். திரையில் தேதிகள் ஒவ்வொன்றாக வந்தன. இருப்பதிலேயே பழைய இழை எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது. ஒன்பது வருடம். எழுதியவர் சிவநேசன்.

'தங்கையிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது?'

அவருக்கு முகம் சுண்டிப்போனது. முந்தின நாள்கூட அதில் 'இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்' என்று எழுதியிருந்தார். ஏதோ போன வாரம் கேட்ட கேள்வி என்றுதான் அவர் மனசில் இருந்தது.

அம்மா தோட்டத்தில் அவரைக்குப் பந்தல் கட்டிக்கொண்டிருந்தார். மேகத்துக்குள் அவருடைய கைகள் மட்டும் தெரிந்தன.

"என் இழைக்கு மட்டும் அந்தத் தேதிய மறைச்சிடட்டுமாம்மா?"

"அது என்ன தேதி?"

தங்கை வடிவின் கல்யாண நாள் என்று சிவநேசன் சொன்னார். அவளே மாப்பிள்ளை பார்த்துக்கொண்டாள் என்ற கோபத்தில் அவர் போகவில்லை. அங்கே மேளம் கொட்டிய நேரத்தில், இங்கே உட்கார்ந்து அந்தக் கேள்வியைத் தட்டிக்கொண்டிருந்தார். சொல்லும்போதே கூசியது.

"எத்தனை பதில் வந்திருக்கு?"

"நானூத்திப் பன்னெண்டு."

"வடிவு என்ன எழுதியிருக்காங்க?"

"அவளுக்கு இப்படி ஒரு மன்றம் இருக்கறதே தெரியாதும்மா."

அம்மா கையிலிருந்த கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டார்.

"மறைச்சிடுங்க. அவங்களுக்கு அந்தத் தேதி தெரியும்."