மூன்றாவது கொம்பு

குற்றம் ஒன்று. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தொன்பதாம் ஆண்டு, அச்சகத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின் பதினோராம் நாள், ஞானதுரை பின்வாசல் வழியாக உள்ளே போனான்.

குற்றம் இரண்டு. நாற்பதாம் நாள் வேலைநிறுத்தம் வென்றதும், முன்வாசல் வழியாக வெளியே வந்து மாலை வாங்கிக்கொண்டான்.

குற்றம் மூன்று. சங்கத்தின் வெள்ளிவிழா மலரில் என் பெயருக்கு மேலே தன் பெயரைப் போட வைத்தான்.

குற்றம் நான்கு. ஜெசிந்தா டீச்சரின் வகுப்பைப் பற்றி அவனுக்குச் சொன்னவன் நான். எனக்கு முந்தி வந்து சேர்ந்து, மின்விசிறிக்கு நேர் கீழே இருக்கிற நாற்காலியைப் பிடித்துக்கொண்டான்.

குற்றம் ஐந்து. மூன்று கொம்பு மானைத் தன் பெயரில் பதிந்து விற்றுவிட்டான்.

வெயில்முத்து நின்றபடியே வாசித்து முடித்தார். தாளை மடிக்கவில்லை.

“அவ்வளவுதானா அண்ணாச்சி?” என்றாள் ஜெசிந்தா.

“அஞ்சு போதாதா டீச்சர்?”

அவருக்கு அறுபத்து மூன்று வயது. அவளுக்கு முப்பத்தொன்று. சிவகாசியில் ஒரு பைண்டிங் கடைக்கு மேல்மாடியில் அவள் வகுப்பு நடத்தினாள். கணினியில் படம் வரைந்து, அதை என்.எஃப்.டி.யாகப் பதிந்து, உலகத்தின் முன் காட்சிக்கு வைத்து விற்பது எப்படி என்று கற்றுக்கொடுத்தாள். அறுபது கடந்தவர் சின்னப் பெண்ணை டீச்சர் என்று அழைப்பதைப் பார்த்து ஊர் சிரித்தது. ஊர் சிரிக்காத காரியம் எதையும் வெயில்முத்து செய்ததில்லை.

முதல் நாள் அவள் சொன்னதை அவர் சட்டென்று பிடித்துக்கொண்டார். படத்தை யாரும் பார்க்கலாம், யாரும் நகல் எடுக்கலாம். ஆனால் இதைப் படைத்தவர் இன்னார், இன்று வைத்திருப்பவர் இன்னார் என்று ஒரு பொதுப் பேரேட்டில் ஏறிவிடும். அந்தப் பேரேடு ஒருவர் பெட்டியில் இல்லை. ஆயிரக்கணக்கான கணினிகளில் ஒரே நேரத்தில் இருக்கிறது. முதலாளி வந்து கிழிக்க முடியாது.

“இதைத்தானே நாங்க முப்பது வருஷமா கேட்டோம்!” என்று அன்று அவர் மேசையைத் தட்டினார். “லட்சம் லட்சமா தீப்பெட்டி லேபிள் போட்டோம். ஒண்ணுலயாவது வரைஞ்சவன் பேர் உண்டா?”

கணினிப் பணப்பையைத் திறக்கும் பன்னிரண்டு ரகசியச் சொற்களை மற்றவர்கள் தாளில் எழுதி ஒளித்து வைத்தார்கள். அவர் ஒரு முறை வாசித்து மனத்தில் ஏற்றிக்கொண்டார். போலீஸ் சோதனைக்குப் பயந்து பெயர்களை மனப்பாடம் செய்து பழகிய தலை அது.

பதினொரு படங்களைப் பதிந்தார். முஷ்டி, தீப்பந்தம், உடைந்த சங்கிலி. ஒன்றும் விற்கவில்லை.

ஞானதுரை ஒரே ஒரு படத்தைப் பதிந்தார். பழைய தீப்பெட்டி லேபிளில் இருந்த மூன்று கொம்பு மான். மூன்றாம் வாரம் எங்கோ கடல் கடந்த ஊரிலிருந்து ஒருவர் வாங்கினார். வாங்கியவர் ஒரு வரி எழுதியிருந்தார். அந்த மூன்றாவது கொம்புக்காகத்தான் வாங்கினேன்.

அதன் பிறகு அந்த மானைப் பார்த்தவர்களின் எண்ணிக்கை நாளுக்கு நாள் ஏறியது. பாதி வெயில்முத்துதான்.

“ஞாயித்துக்கிழமை கண்காட்சி,” என்றார் வெயில்முத்து. “மண்டபத்துல பெரிய திரையில அவன் மானைப் போடப் போறீங்க. எடுக்கணும். அந்த லேபிளை அச்சகத்துல வரைஞ்சவன் நான். என் பேர் வரணும்.”

“பதிஞ்சதை அழிக்க முடியாது அண்ணாச்சி.”

“தப்புன்னு தெரிஞ்சாலுமா?”

“என் முதல் படத்துல என் வீட்டுக்காரர் பேரைப் போட்டேன். ஆசையில போட்டது. அவரை விட்டு வந்து அஞ்சு வருஷமாச்சு. கோர்ட்டு பிரிச்சு விட்டுருச்சு. பேரேடு பிரிக்கல.”

அந்தப் பிரிவுக்குப் பிறகுதான் அவள் வகுப்பில் ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்திருந்தாள். பதியும் பொத்தானை அழுத்துவதற்கு முன்னால், படைத்தவரின் பெயரை மூன்று சாட்சிகளுக்கு முன் உரக்க வாசிக்க வேண்டும். வாய்க்கு வராத பெயர் பேரேட்டில் ஏறக்கூடாது. சாட்சிகள் ஒரு நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும்.

அவள் அந்த நோட்டைப் புரட்டி, அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

மூன்று கொம்பு மான். படைத்தவர் ஞானதுரை என்று வாசிக்கப்பட்டது. முதல் சாட்சியின் கையெழுத்து அவருக்கு மிகவும் பழக்கமானது. வெ. முத்து. கீழே இரண்டு கோடு.

“அன்னைக்கு ஏன் மறுப்புச் சொல்லல?”

வெயில்முத்து மின்விசிறியைப் பார்த்தார்.

“விலை போகும்னு நினைக்கல,” என்றார்.

படியேறி வந்த ஞானதுரையின் சிரிப்பு அறைக்குள் அவருக்கு முன்னால் வந்தது. கையில் முறுக்குப் பொட்டலம்.

“தோழரே, உம்ம பொறாமையைப் படம் புடிச்சு பதியும். நல்ல விலைக்குப் போகும். ஊரே சாட்சி சொல்லும்.”

“பின்வாசல்ல போறவனுக்குப் பேச்சு என்ன?”

“முப்பது வருஷமா அந்தப் பின்வாசலையே காவல் காக்குறீரே, கால் வலிக்கலயா?”

“ரெண்டு பேரும் உக்காருங்க,” என்றாள் ஜெசிந்தா.

வெயில்முத்துவின் முன்னால் கணினி வரைபலகையை வைத்தாள். கையில் பேனாவைக் கொடுத்தாள்.

“அந்த மானை வரைங்க. யார் செஞ்சது எதுவோ, அதைத் தனித்தனி அடுக்குல வரைங்க. ஒருத்தருக்கு ஒரு லேயர்.”

அவர் வரைந்தார். கோடு நடுங்கவில்லை. மானின் முதுகு, கால்கள், திரும்பிப் பார்க்கும் கழுத்து, இரண்டு கொம்பு, மூன்றாவது கொம்பு. எல்லாவற்றையும் முதல் அடுக்கில் வைத்து, அதற்குத் தன் பெயரைக் கொடுத்தார்.

“பின்னால இருக்கிற சூரியனும் அந்த மஞ்சளும்?”

“அது அவன் போட்டது,” என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு. அதை இரண்டாவது அடுக்கில் வைத்தார். அதற்கு ஞானதுரையின் பெயரைக் கொடுத்தார்.

“பார்த்தீரா, உம்ம கையாலயே எழுதிட்டீர்,” என்றார் ஞானதுரை.

ஜெசிந்தா மஞ்சள் அடுக்கை மறைத்தாள். மான் மட்டும் நின்றது.

“மானுக்கு மூணாவது கொம்பு எப்படி வந்துச்சு அண்ணாச்சி?”

“பிலிம்ல கீறல். முதலாளி கொண்டுவந்த வெளிநாட்டுக் காலண்டரைப் பார்த்து மானைப் போட்டேன். மறுநாள் அச்சுக்குப் போகணும். பிலிம்ல தலைக்கு நேரா ஒரு கீறல் விழுந்துருச்சு. திரும்ப எடுக்க நேரமில்ல. டச்சிங் ரூம்ல, பிலிம்ல விழுற புள்ளி, கீறல் எல்லாம் சரி பண்ற ரூம்ல...”

பேனாவைக் கீழே வைத்தார்.

“சொல்லுங்க.”

“அங்க இருந்த பொம்பளை, பிளேடால அந்தக் கீறலையே சுரண்டி வளைச்சுக் கொம்பாக்கிட்டா. மானுக்கு மூணு கொம்பான்னு சத்தம் போட்டேன். ‘கீறல் இருக்கிற எடத்துல கொம்பு முளைச்சா கீறல் எங்க போச்சுன்னு எவன் கேப்பான்’னா. மறுநாள் முதலாளி பார்த்துட்டு, யார் மூளைடா இதுன்னு என் தோளைத் தட்டினார்.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“தோளைத் தட்டினப்ப என்ன சொல்றது?”

ஞானதுரை முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்தார். தின்னவில்லை.

ஜெசிந்தா மூன்றாவது கொம்பை மட்டும் தேர்ந்தெடுத்து, புதிய அடுக்கு ஒன்றுக்கு நகர்த்தினாள். பெயர்க் கட்டத்தில் குறி மினுங்கிக்கொண்டிருந்தது.

“பேர் கேக்குது அண்ணாச்சி.”

“ரொம்ப நாளாச்சு டீச்சர்.”

“வேலைநிறுத்தத்துல வேலை போனவங்க பேர் ஞாபகம் இருக்கா?”

அவர் நிமிர்ந்தார். அது அவர் கேட்க விரும்பும் கேள்வி. மேடைக்கு மேடை ஒரே மூச்சில் சொன்ன பட்டியல். அச்சிட்டுத் தெருத்தெருவாகக் கொடுத்த துண்டறிக்கை. நாற்பத்திரண்டு பெயர்களையும் அப்பன் பெயரோடு, சேர்ந்த வரிசை மாறாமல் சொன்னார். நாற்பத்திரண்டாவது பெயரில் அவர் கண் கலங்கியது. எப்போதும் அந்த இடத்தில் கலங்கும்.

“இதுல ஒரு பொம்பளை பேர்கூட இல்லையே?”

“டச்சிங் பொம்பளைங்க தினக்கூலி. சங்கத்துல சேர்க்கல.”

“அவங்க வேலைக்குப் போனாங்களா?”

“இல்ல. நாற்பது நாளும் வாசல்லதான் உக்காந்திருந்தாங்க. வேலை திரும்பக் கிடைக்கல.”

“அந்தம்மாவுமா?”

“அவதான் முதல்ல உக்காந்தா.”

“யார் சேர்க்கல?”

தெருவில் லாரி ஒன்று பின்னால் வந்துகொண்டே கூவியது. வெயில்முத்து எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார்.

ஞானதுரைதான் பேசினார். “எனக்கும் அந்தம்மாவைத் தெரியும். தவறிப்போய்ப் பத்து வருஷம் இருக்கும். நானும் என் பேரைத்தான் போட்டேன்.” பிறகு, “பின்வாசல்ல நுழைஞ்சப்ப என்னைத் திரும்பிப் பார்த்தது அந்தம்மா ஒண்ணுதான். திட்டல,” என்றார்.

முப்பது ஆண்டுகளில் முதல் முறையாக ஞானதுரை சொன்ன ஒன்றுக்கு வெயில்முத்து பதில் தேடவில்லை. ஆனாலும் உள்ளே ஏதோ எரிந்தது. அவள் இவனைத் திரும்பிப் பார்த்திருக்கிறாள். அதுகூடத் தனக்குத் தெரியாமல் போயிருக்கிறது.

ஜெசிந்தா அவருடைய குற்றப்பட்டியலை எடுத்து மேசை மேல் விரித்தாள்.

“லேபிள் போட்டது எந்த வருஷம்?”

“எண்பத்தெட்டு.”

“வரிசை தப்பாம எழுதுறவர் நீங்க. முதலாளி தோளைத் தட்டினது இதுல எத்தனையாவது?”

வெயில்முத்து தாளைத் தன் பக்கம் இழுத்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். ஒன்றை இரண்டாக்கினார். இரண்டை மூன்றாக்கினார். ஐந்து ஆறாகும்வரை திருத்தினார். மேலே இடம் இல்லை. விளிம்பில், பொடி எழுத்தில் ஒரு வரி எழுதினார். அந்த வரியில் குற்றவாளியின் பெயர் ஞானதுரை இல்லை.

“பதிஞ்சதை அழிக்க முடியாது,” என்றாள் அவள். “பக்கத்துல இன்னொண்ணு பதியலாம்.”

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. லேபிள் வரைகிறவர்கள், காலண்டர் வடிவமைக்கிறவர்கள், அச்சகங்களில் கணினி முன் உட்கார்கிறவர்கள், அவர்களுடைய வீட்டார். பெரிய திரையில் ஞானதுரையின் மான் மஞ்சள் சூரியனுக்கு முன்னால் நின்றது. அதை யாரும் எடுக்கவில்லை. அதன் அருகே இன்னொரு திரை. கறுப்பு. கறுப்பின் நடுவில் வெள்ளையாக ஒற்றைக் கொம்பு. வேறொன்றும் இல்லை.

மானைப் பார்த்தவர்கள் கொம்பைப் பார்த்தார்கள். கொம்பைப் பார்த்தவர்கள் திரும்பவும் மானைப் பார்த்தார்கள்.

“விலை போடலயா தோழரே?” என்றார் ஞானதுரை மெதுவாக. இந்த முறை அவர் சிரிக்கவில்லை.

“விற்பனைக்கு இல்ல.”

“வாங்குறவன் கேட்டா?”

“கேக்கட்டும். நீ ஏன் பதறுற?”

பதியும் பொத்தான் திரையில் காத்திருந்தது. ஜெசிந்தா நோட்டைத் திறந்து சாட்சிகளை அழைத்தாள். மூன்று பேர் போதும். மண்டபமே எழுந்து நின்றது. முதல் வரிசையில் ஞானதுரை.

வெயில்முத்து ஒலிபெருக்கியைப் பிடித்தார். ஆயிரம் கூட்டங்களில் பிடித்த கை. தொண்டையைச் செருமினார். கூட்டம் அமைதியானது. அத்தனை முகங்களும் தன் முகத்தைப் பார்ப்பதைப் பார்த்தார். இதற்காகத்தான் வாழ்நாள் முழுதும் காத்திருந்ததுபோல் இருந்தது. வாயருகே வந்தது ஒரு பெயர். சொந்தப் பெயர்.

ஒலிபெருக்கியைக் கையால் பொத்தினார். ஜெசிந்தாவின் பக்கம் குனிந்தார்.

“டீச்சர், இதுல என் பேர் எங்கயும் வராதா?”

அவள் நோட்டை அவர் பக்கம் திருப்பினாள். முதல் வரியைக் காலியாக விட்டிருந்தாள்.

“சாட்சிக் கையெழுத்துல வரும் அண்ணாச்சி. இந்தத் தடவை வாசிச்சதைக் கேட்டுட்டுப் போடுங்க.”

வெயில்முத்து கையை எடுத்தார்.

“மூன்றாவது கொம்பு,” என்றார். குரல் மண்டபத்தின் கடைசிச் சுவர்வரை போனது. “படைத்தவர், டச்சிங் தொழிலாளி, வேலைநிறுத்தத்தின் முதல் நாள் முதலில் உட்கார்ந்தவர், சங்கத்தின் பட்டியலில் நாற்பத்து மூன்றாவதாக வந்திருக்க வேண்டியவர், திருத்தங்கல் மாடத்தி.”